அமைதியான தட்டணுக்கள்

2018 ஜூலை 9, கோயம்புத்தூர். பியூலா தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க அன்று மாலை ஐந்து மணி கெடு. டெங்கு நோயாளிகளின் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) கிளர்ந்திருக்கும், நலமானவர்களுடையவை அமைதியாக இருக்கும் என்பது அதன் முடிவு. கடைசியாகச் சரிபார்க்க, ஆய்வகத்தில் தன் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, கிளர்ச்சியைக் காட்டும் ஆன்டிபாடியை அதில் கலந்தாள். கருவியில் உடனே பார்த்தபோது தட்டணுக்கள் அமைதியாக இருந்தன. இருபது நிமிடம் வராந்தாவில் நடந்துவிட்டு மறுபடி பார்த்தாள். எல்லாம் கிளர்ந்திருந்தன.

“என்ன அம்மணி, உங்களுக்கும் டெங்குவா?” என்றார் டெக்னீஷியன் சையது.

“இல்லீங்ணா. நேரம் ஆக ஆக ஆன்டிபாடியே தட்டணுக்களை உசுப்பிவிடுது. நல்லா இருக்கிறவங்க ரத்தத்தைக் கலந்ததுமே பார்த்துட்டோம். நோயாளிங்களோடதைக் கலந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போனோம்.”

“மூணு வருசமாவா?”

“தினமும்.”

சையது குரலைத் தாழ்த்தினார். “யாருக்குங்க தெரியப் போகுது? கொடுத்துருங்க.”

பியூலா எழுந்தாள், உட்கார்ந்தாள், மீண்டும் எழுந்தாள். ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடினார்கள். ஆய்வேடு அவள் பையில் இருந்தது.