ஒரே ஒரு குழாய்

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் தெரிந்ததை இரண்டாம் முறையும் பார்த்தேன்.

அத்தனையும் கார்பன் நானோ இழைகள். நானோ குழாய் பேருக்குக்கூட ஒன்று இல்லை.

பின்னால் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. இடது காலுக்கு, நானோ குழாய் கலந்து செய்த செயற்கைப் பாதம் போட்டிருந்தவள். பேருந்துப் படியில் அது இரண்டாக ஒடிந்தது. விழுந்ததில் வலது மணிக்கட்டும் போயிற்று. 'நீங்கள் குதித்திருப்பீர்கள்' என்று கம்பெனி கைகழுவிவிட்டது. பொருளில்தான் கோளாறு என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வேறு பாதம் கிடைக்கும். ஒடிந்த துண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

"குழாய்னா என்ன, இழைன்னா என்ன? ரெண்டும் கார்பன்தானே சார்?"

மேசையிலிருந்த தாளைச் சுருட்டிக் காட்டினேன். குழாய் இதுதான். நீளவாக்கில் சுற்றிய தாள், உள்ளே பொந்து. இழுத்தால் தாளே கிழிய வேண்டும்.

பிறகு காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினேன். இழை இதுதான். இதுவும் நீளம்தான். பருமன் அதிகம், விலை குறைவு.

நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் இடது கையால் மறுமுனையை இழுத்தாள். இரண்டு கோப்பைகள் அவள் கையோடு போய்விட்டன. நூலோடு புழங்குகிறவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. இழையும் கெட்ட சரக்கு இல்லை, இழை என்று சொல்லி விற்றால். அதைக் குழாய் என்று சொல்லி ஒருத்தியின் காலுக்கடியில் வைக்கிறானே, இவனெல்லாம் சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறானா? இதைப் பரிசோதித்துச் சரி என்றானே ஒருவன், அவனையும் விடவில்லை. த்தூ, கண்ணை அடகு வைத்தவன்.

அவள் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். பாதத்தோடு கம்பெனி கொடுத்த சான்றிதழ். நடுவில் ஒரு படம்.

அழகான படம். ஒரே ஒரு குழாய். இரண்டு பக்கமும் கோடு கிழித்ததுபோல் சுவர்கள், நடுவில் சுத்தமான பொந்து.

அந்தக் குழாயை எனக்குத் தெரியும். பாதத்தில் கலக்குமுன் கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பிய தூளில், இழைக் குப்பைக்குள் அதைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு முழு முற்பகல் ஆயிற்று. எண்ணிப் பார்த்து, எது அதிகமோ அதைத்தான் படமாகப் போட வேண்டும். எங்கள் தொழிலில் எது அழகோ அதைப் போடுவோம். அன்று பக்கத்து அறைக்காரர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

படத்தின் கீழே, பரிசோதித்தவர் என்ற இடத்தில், ஒரு கிறுக்கல். நல்லவேளை, படிக்க முடியவில்லை என்று நினைத்தேன். நினைத்ததும் என் மேலேயே அருவருப்பு வந்தது.

"இது யார் கையெழுத்துன்னு தெரியுதா சார்?"

தெரியவில்லை என்றேன்.

"போகட்டும். நீங்க பார்த்ததை எழுதி, உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதினேன். இழைகள், குழாய் இல்லை, எல்லாம் உள்ளது உள்ளபடி. கடைசியில் வழக்கமாகப் போடும் கிறுக்கலைப் போடாமல், என் பெயரை எழுத்தெழுத்தாக, அச்சுப் போல எழுதிக் கொடுத்தேன்.

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மனசுல கள்ளம் இல்லாதவங்க எழுத்து இப்படித்தான் சார் தெளிவா இருக்கும்" என்றாள்.