எல்லாமே ரெண்டு

"கிளவுஸ், மயக்க ஊசி, குளுக்கோஸ் பாட்டில், தையல் நூல். எல்லாமே ரெண்டு ரெண்டு செட் வேணும்."

க்வின்யாய் சீட்டை வாங்கிப் பார்த்தான். 

"உள்ள இருக்கறது என் பெண்டாட்டி ஒருத்திதானே சிஸ்டர்? எதுக்கு எல்லாம் ரெண்டு?"

"குழந்தை குறுக்கே கிடக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணியாகணும். எழுதினதை வாங்கிட்டு வாங்க, போங்க."

சிஸ்டர் எஸ்னாத் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

மாவட்ட ஆஸ்பத்திரி என்று பேருக்குத்தான் போர்டு. உள்ளே கட்டிலையும் டாக்டரையும் தவிர வேறு எதுவும் கிடையாது. தண்ணீரைக்கூட நோயாளியின் ஆட்கள்தான் சுமந்து வர வேண்டும்.

வாசல் காவல்காரன் சீட்டை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டா எழுதியிருக்காங்களா? எல்லார்கிட்டயும் இப்படித்தாண்ணே. ஒண்ணு உங்க வீட்டம்மாவுக்கு, இன்னொண்ணு பின்வாசல் வழியா சந்தைக்கு. நர்ஸ் சம்பளம் பஸ்ஸுக்கே பத்தாதே, பாவம், என்ன பண்ணுவாங்க?"

க்வின்யாய்க்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவனும் வியாபாரிதான். வாரா வாரம் எல்லை தாண்டிப் போய்ச் சர்க்கரை, எண்ணெய், சோப்பு என்று கொண்டு வந்து விற்பான். அதுவும் தென்னாப்பிரிக்கப் பணமான ராண்டுக்கு மட்டும்தான். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று ஊரே அல்லாடிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டான்.

என்கிட்டயேவா, என்று நினைத்துக்கொண்டான்.

கையில் ராண்ட் இருந்ததால் மருந்துக்கடைக்காரன் எழுந்து நின்று எடுத்துக் கொடுத்தான். ஒரே ஒரு செட்.

"ஒண்ணுதானே இருக்கு?" என்றாள் எஸ்னாத், பையைத் திறந்து பார்த்து.

"என் பெண்டாட்டிக்கு ஒரு வயிறுதான் சிஸ்டர்."

"தயவுபண்ணி இன்னொரு தடவை போய்..."

"ரெண்டாவது செட் எந்த வாசல் வழியா போகும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட இந்த வேலையெல்லாம் வேண்டாம்."

அவள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அவன் மனைவி லவ்னெஸ் அலறினாள். டாக்டரும் கூப்பிட்டார். எஸ்னாத் பையோடு ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

வராந்தா பெஞ்சில் மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய கோட்டு, டை. காலடியில் ஒரு மாவு மூட்டை.

"நான் முசோண்டோ. பள்ளிக்கூட வாத்தியார். என் மனைவியும் உள்ளதான் இருக்கா தம்பி, விடிகாலையிலேர்ந்து."

"மூட்டையில என்ன சார்? சோள மாவா?"

"சம்பளம். எல்லாம் நம்மூர் நோட்டுக்கட்டு." அவர் சிரிக்க முயன்றார். "அவளும் டீச்சர்தான். ரெண்டு பேரோட மூணு மாசச் சம்பளம். கடைக்காரன் பிரிச்சுக்கூடப் பாக்கல. ராண்ட் இருந்தா உள்ள வா, இல்லேன்னா வழியை விடுங்கறான். முன்னெல்லாம் என்னைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கி நிப்பான்."

"அப்போ வீட்டம்மாவுக்கு மருந்து?"

"மத்தியானத்துக்குள்ள ஏதாவது ஏற்பாடு பண்றேன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. நல்ல பொண்ணு."

க்வின்யாய்க்கு மனசு கேட்கவில்லை. தோள்பையிலிருந்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினான். வாத்தியார் கூச்சப்பட்டார். பிறகு வாங்கி, வேகவேகமாகச் சாப்பிட்டார். நேற்றிலிருந்து பட்டினி என்று பார்த்தாலே தெரிந்தது.

"நல்ல பொண்ணுன்னா சொல்றீங்க?" க்வின்யாய் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வயிறுதான் என்று கேட்டதைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க தம்பி," என்றார் வாத்தியார், வாயில் ரொட்டியோடு. "இப்படி நாலு பேர் கேட்டாத்தான் இவங்கெல்லாம் திருந்துவாங்க."

கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை வீறிட்டது. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று டாக்டரே வந்து சொன்னார். வாத்தியார் எழுந்து க்வின்யாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார், தன் பிள்ளையே பிறந்துவிட்டதுபோல.

வெயில் சாயும் நேரத்தில் எஸ்னாத் மறுபடி வெளியே வந்தாள். நேராக வாத்தியாரிடம் போனாள். அவர் முன்னால் தரையில் மண்டியிட்டாள்.

"சார்... அவங்களைக் காப்பாத்த முடியல."



வாத்தியார் அவளைப் பார்த்தார். "குழந்தை?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

"என்ன ஆச்சு சிஸ்டர்?" க்வின்யாய் பதறினான். "டாக்டர் இருந்தாரே!"

"இருந்தார். வெறும் கையையும் கத்தியையும் வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்? மயக்க ஊசி இல்ல. பாட்டில் இல்ல. நூல் இல்ல."

 க்வின்யாயின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மிச்ச ராண்ட் அங்கேதான் இருந்தது.

"அந்த ரெண்டாவது செட்... இவங்களுக்கா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேனே!"

எஸ்னாத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"பக்கத்துப் படுக்கைக்குன்னு சொல்லித்தான் மொதல்ல எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தர்கூடக் குடுக்கல. நான் திருடறேன்னு நினைச்சாத்தான், திட்டிக்கிட்டாவது குடுக்கறாங்க."