பதினைந்தடி

பக்கத்தில் போகாமல் இருப்பதற்காகத்தான் சாரதாமணி அறுநூறு எம்.எம். லென்ஸை வாங்கினாள். பதினைந்தடிக்குள் எது வந்தாலும் ஃபோகஸ் ஆகாது என்று கடைக்காரர் சொன்னபோது, அவ்வளவு கிட்டத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று சிரித்தாள். காட்டோடையின் அக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒற்றைக் கொம்பன் யானை, அவள் படம் எடுக்க எடுக்க ஓடையைக் கடந்து வந்தது. முதலில் முகம் மட்டும் தெரிந்தது, பிறகு கண் மட்டும், பிறகு வெறும் சாம்பல் நிறம். லென்ஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி ஓய்ந்தது.

"கேமராவ எறக்காதீங்க அம்மணி. அசையாம இருந்தா சாமி போயிரும்," என்றார் பின்னாலிருந்த வனக்காவலர் மாசி, உதடு அசையாமல்.

கண்ணை எடுக்காமல் அவள் அந்தச் சாம்பலுக்குள்ளேயே நின்றாள். லென்ஸின் முனையை ஈரமாக எதுவோ தொட்டது. ஒரு நீண்ட மூச்சு அதன்மேல் பட்டது. பிறகு சாம்பல் மெல்ல விலகி, ஓடையும் மரங்களும் திரும்பி வந்தன.

போகிற யானையைப் பார்த்து மாசி கும்பிட்டார். அவளுக்குக் கை எழவில்லை.

"கண்ணாடியெல்லாம் எச்சி. தொடச்சுக்குங்க," என்று அவர் துண்டை நீட்டினார்.

ஒரு தூசு விழுந்தாலும் ஊதி ஊதித் துடைக்கிறவள், துண்டை வாங்காமல், அந்த ஈரம் காய்வதற்குள் லென்ஸை மூடி போட்டு மூடினாள்.