சோறு தீர்ந்துபோச்சு

"அண்ணி, இன்னைக்கு நான் சோறு சாப்பிடற நாள். ஒரு கரண்டி கூடவே வைங்க."

சமையலறைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் மெக்கானிக். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே, வராதா? உள் அறையில் வாத்தியார், அதாவது அவள் கணவர், இவனோடு கூடப் பிறந்த அண்ணன், கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் படுத்திருக்கிறார். கல்லீரல் மொத்தமும் கெட்டுவிட்டது, சொந்தத்தில் யாராவது ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இந்தப் பெரிய மனுஷன் மூன்று மாதமாகத் தொப்பையைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்.

சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, சர்க்கரை பக்கமே திரும்பமாட்டான். முட்டை, வெண்ணெய், மீன், சீஸ், இவ்வளவுதான். முதல் வாரம் தலை சுற்றுகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியிலேயே படுத்துவிட்டானாம். கிட்டே வந்து பேசினால், இந்தச் சாப்பாட்டால், வாயில் நெயில் பாலிஷ் வாடை வேறு.

"மாவுச்சத்தை நிறுத்தினா உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்குமாம் அண்ணி. வாரத்துல ஒரு நாள் மட்டும் சோறு. அன்னைக்குத்தான் எனக்கு உயிர் வரும்," என்று ஒரு தடவை இளித்துக்கொண்டே சொன்னான்.

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டுவிட்டாள்: "உங்க கொழுந்தனுக்குப் பொண்ணு பார்க்கறீங்களா? ஆளே இளைச்சு மாப்பிள்ளைக் களை வந்துடுச்சே."

அண்ணிக்கு உடம்பே கூசிப்போனது. புருஷன் இந்த நிலைமையில் கிடக்கும்போது நாலு பேர் இப்படியா பேச வேண்டும்? அன்றைக்கு முழுக்க அவள் வாசல் பக்கமே தலைகாட்டவில்லை.

அண்ணியின் ரத்த வகை சேராததால், கல்லீரல் கொடுக்க முதலில் பரிசோதித்தது இவனைத்தான். "எனக்கு ஆகாதாம்னுட்டாங்க அண்ணி," என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். விட்டது தொல்லை என்று போனவன்தானே என்றுதான் அண்ணி நினைத்தாள்.

அடுத்தது அண்ணியின் தம்பி, பேங்க்காரர். அவருக்கு எல்லாம் பொருந்தியது. தேதியும் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் போன் பண்ணி, "வீட்டுல அவ ரொம்ப அழறா அக்கா," என்றார். குழந்தை குட்டிக்காரன், அவன் என்ன செய்வான் பாவம் என்று அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வாத்தியார்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த பேங்க்காரர்தான் இப்போது ஒரு கூடைப் பழத்தோடு வந்து, எதிர் நாற்காலியில் இரண்டாம் தடவை வாங்கிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன மெக்கானிக், இன்னைக்கு விரதம் முடிஞ்சுதா? இடுப்பு எவ்வளவு இறங்கியிருக்கு?"

மெக்கானிக் சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அண்ணிக்கு வாய் நிற்கவில்லை.

"சோறு தீர்ந்துபோச்சு தம்பி."

"ஓ... பரவாயில்ல அண்ணி. முட்டை ஏதாவது..."

"அதுவும் இல்ல. உங்க உடம்புக்கு என்ன குறைச்சல் இப்ப? ஒரு வேளை சாப்பிடலைன்னா இன்னும் அழகாத்தான் ஆவீங்க. குறைச்சல் எல்லாம் உள்ள படுத்திருக்கறவருக்கு."

மெக்கானிக் எழுந்தான். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தான். காலித் தட்டை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அண்ணனுக்குக் கால் பிடித்துவிட உள்ளே போனான்.

மேஜை மேல் அவன் வைத்துவிட்டுப் போன செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி என்று காட்டியது. வாத்தியார் விஷயமாக இருக்கும் என்று அண்ணி பதறிப்போய் எடுத்தாள்.

"மெக்கானிக் சார் இல்லையா? நீங்க யாரும்மா?"

"அவரோட அண்ணி. என்ன விஷயம் சிஸ்டர்?"

"அண்ணியா? அப்ப உங்ககிட்டயே சொல்லிடறேன். சார் எடுத்த ஸ்கேன் வந்துடுச்சு. முதல்ல பார்த்தப்ப அவர் கல்லீரல் பூரா கொழுப்பு, கொடுக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? இப்ப சுத்தமா கரைஞ்சுடுச்சு. இனி அண்ணனுக்குத் தாராளமா கொடுக்கலாம். நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க." சிஸ்டர் சிரித்தாள். "இன்னைக்கு வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கம்மா. இங்க வரும்போதெல்லாம், சோத்து நாள் எப்ப வரும்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருப்பார், பாவம்."

பேச்சு முடிந்த பிறகும் அண்ணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வந்து மெல்ல வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் தம்பி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கரையுமா கரையாதான்னே தெரியாம எதை அண்ணி சொல்றது?" என்றான் தணிந்த குரலில். "ஒரு தடவை ஆசை காட்டி இல்லைன்னு ஆனதுக்கே அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிட்டாரு. இன்னொரு தடவைன்னா தாங்க மாட்டாரு."

பேங்க்காரர் பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்து, கை கழுவப் போனார்.

அண்ணிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. அவசர அவசரமாக எழுந்தாள்.

"இருங்க தம்பி, உட்காருங்க. இதோ, இப்பவே உலை வைக்கறேன்."

"உலை எதுக்கு அண்ணி?" என்று மெக்கானிக் மறுபடியும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டான். "கை கழுவ வந்தப்பவே பார்த்தேன், பானை நிறைய இருக்கு. அதுலயே போடுங்க."