மணிமேகலையின் வலது கை

"வெட்கமா இல்லையா அவளுக்கு?" என்று கேன்டீனில் கேட்காதவர்கள் இல்லை.

மணிமேகலை கம்பெனியின் பாஸ்கெட்பால் டீம் செலக்‌ஷனுக்குப் பேர் கொடுத்திருந்தாள்.

மார்ச் மாதம் கன்வேயரில் வலது கை சிக்கி, இரண்டு மாதம் கட்டோடு சொந்த ஊரான கல்லாவியில் கிடந்தவள். திரும்பி வந்ததிலிருந்து, தலைக்கு மேலே ட்ரே ஏற்றுகிற வேலை இனி ஆகாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று மேசை மேசையாக நின்றவள். ட்ரே ஏற்று, முடியாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று கம்பெனி சொல்லிவிட்டது. லேபர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

வேலைக்கு வராத கை விளையாட்டுக்கு மட்டும் வருமா? நாலு பேர் கேட்கத்தானே செய்வார்கள்.

டீம் மேனேஜர் ஹரீஷ்குமாருக்கு இந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. பர்சனல் டிபார்ட்மென்ட்டில் சம்பளம் வாங்கினாலும் மனுஷருக்கு உயிர் பந்தில்தான்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் அமெரிக்க மேட்சை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, கூடைக்குக் கீழே நின்று தடுக்கிற உலகத்துப் பெரிய பெரிய சென்டர்களை எல்லாம் தராசில் போடுவார். ஏழடி உயரம், கை நிறையக் கோப்பை, எதுவும் அவரிடம் செல்லாது. ஒருத்தன் ரிங்குக்குக் கீழே தூண் மாதிரி நிற்பான், வெளியே இழுத்துவிட்டால் திருதிருவென்று முழிப்பான். இன்னொருத்தன் எதற்கெடுத்தாலும் குதிப்பான், பாதி ஆட்டத்திலேயே ஃபவுல் வாங்கிப் பெஞ்சில் உட்காருவான். மூன்றாமவன் பிரமாதமாக பிளாக் அடிப்பான், ரீபவுண்டுக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

"எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் டிபென்ஸ்ல ஒரு ஓட்டை இருக்கும். அதைச் சொல்றதுல நான் ஆள் பார்க்க மாட்டேன்" என்பார்.

கேட்கத்தான் ஆள் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக நழுவிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை செலக்‌ஷன். சென்டருக்கு ஒரு இடம், ஆள் இரண்டு. ஒருத்தி ஆறடி மணிமேகலை. போன வருஷம் வரைக்கும் ஓசூர் கம்பெனி டீம்களில் அவளைத் தாண்டிப் பந்து போட்டவர்கள் குறைவு. இன்னொருத்தி பர்கூரிலிருந்து வந்த தர்ஷினி. வயசு இருபத்திரண்டு.

ஹரீஷ்குமார் இரண்டு பேரையும் பத்து நிமிஷம் ஆடவிட்டார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. தர்ஷினி பந்தோடு வரும்போதெல்லாம் மணிமேகலையின் இடது கை மேலே போனது, வலது கை தோளோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கமாகவே தர்ஷினி ஏழு தடவை கூடையில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தர்ஷினிக்கே மனசு கேட்காமல் ஒரு தடவை மறுபக்கம் போனாள்.

"அங்க வேணாம்டி. இந்தப் பக்கமே வா" என்றாள் மணிமேகலை.

தோற்கிறபோதும் திமிரைப் பாரேன் என்று யாரோ சொன்னார்கள்.

ஆட்டம் முடிந்து வியர்வையோடு ஹரீஷ்குமார் முன்னால் வந்து நின்றாள்.

"நான் தேற மாட்டேன்னு தெரியும் சார். ஆனா எனக்கு என்ன குறைன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்து போட்டு."

ஹரீஷ்குமாருக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பதினோரு வருஷத்தில் அவருடைய ஆராய்ச்சியை எழுத்தில் கேட்ட முதல் ஆள் இவள்தான். கம்பெனி லெட்டர்பேடை எடுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தர்ஷினி: ரிங்கை விட்டு அவசரப்பட்டு வெளியே ஓடுகிறாள், ஃபவுல் அதிகம். பழகினால் சரியாகும்.

மணிமேகலை: கால் நல்ல கால், கண் நல்ல கண். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. வெறுங்கையையே தூக்க முடியவில்லை. அடிபட்டதால் வந்த குறை. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் போகாது.

எழுதியதைத் தானே ஒரு தடவை ரசித்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் சீலும் கேட்டாள். சிரித்துக்கொண்டே அதையும் குத்திக் கொடுத்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பாவம், மனசு விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை லேபர் ஆபீசில் விசாரணை. கம்பெனி சார்பில் போனவர் ஹரீஷ்குமார். மனுவுக்குப் பதில் எழுதினதும் அவர்தான். மேலே இருந்து சொன்னார்கள், எழுதினார். மாசம் இருபது பதில் எழுதுகிற கை, எதை ஞாபகம் வைத்திருக்கும்?

அதிகாரி அம்மா அந்தப் பதிலை உரக்கப் படித்தார். 'மனுதாரரின் வலது கை பூரணமாகக் குணமடைந்துவிட்டது. தலைக்கு மேல் பளு தூக்க எந்தத் தடையும் இல்லை.'

பிறகு மணிமேகலை நீட்டிய தாளைப் பிரித்துப் படித்தார். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே? நடுவுல பத்து நாள்கூட இல்ல. இதுல எது சார் உண்மை?"

"அது... ஆட்டத்துக்காக எழுதினது மேடம்" என்று இழுத்தார் ஹரீஷ்குமார்.

"அதுதான் மேடம் உண்மை" என்றாள் மணிமேகலை. "பந்து விஷயத்துல சார் பொய் எழுத மாட்டாருங்க."