இருக்கிற இடம் தெரியாது

டாக்டர் மேஜைமேல் மூன்று மூளைப் படங்களை வரிசையாக வைத்தார். நாற்காலிக்கடியில் புகுந்த மகன் வாலுவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி அம்மா எட்டிப் பார்த்தாள். வாலுவின் அக்கா சமர்த்தாக ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்கேனுக்குள்ள நட்சத்திரம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னோம். முதல் படம், பையன் கவனம் சிதறாம இருக்க மாத்திரை போடறதுக்கு முன்னாடி எடுத்தது. கவனத்துக்கான இடம் மங்கலா இருக்கு பாருங்க.”

“மாத்திரை மூளையை மழுங்கடிச்சிடுமோன்னு பயந்துட்டே இருந்தேன் டாக்டர்...” இரண்டாவது படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. “இதுவும் அப்படியேதானே இருக்கு! மாத்திரை வேலை செய்யலையா?”

“நல்லாவே வேலை செய்யுது. மாத்திரை போட்டப்புறம் எடுத்தது மூணாவது படம். எப்படிப் பளிச்னு இருக்கு பாருங்க!”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப நடுவுல இருக்கிறது யாரோடது?”

“ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழந்தை வேணும்னு கேட்டேனே, அவளோடது.”

“என் பொண்ணா? அவ தங்கமாச்சே டாக்டர்! வீட்டுல அவ இருக்கிற இடமே தெரியாது!”

“படத்தை மட்டும் வெச்சு முடிவு கட்ட முடியாது. அவகிட்டயும் கொஞ்சம் பேசணும். கூப்பிடுங்க.”

அம்மா கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கடைசியில் வாலுதான் ஓடிப்போய் அக்காவை உலுக்கினான்.

திடுக்கிட்டுத் திரும்பியவள் கேட்டாள்:

“வீடு வந்துடுச்சாம்மா?”