நாற்பத்தோராவது லேப்டாப்

"யாரு அது? பேரைச் சொல்லு" என்றார் மேனேஜர் ராகவன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி ஆபீஸ். வெள்ளிக்கிழமை மீட்டிங். நெட்வொர்க் பார்க்கிற இருதயராஜ் நின்றுகொண்டிருந்தார். நாலு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் லேப்டாப்பில் ஆபீஸ் VPN போட்டாக வேண்டும். போட்டுவிட்டால், எதைத் திறந்தாலும் ஆபீஸ் வழியாகத்தான் போகும். யார் எந்த சைட்டை எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்ற லிஸ்ட், திங்கட்கிழமை காலை எம்.டி.க்கும் மேனேஜருக்கும் மெயிலில் வந்துவிடும்.

அந்த லிஸ்ட்தான் ராகவனுக்கு வாரபலன். காபியோடு படிப்பார்.

"நிஷா, புடவை சைட்ல பதினோரு நிமிஷம். வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். அதில் அப்படி ஓர் ஆனந்தம்.

இப்போது ஆடிட்டில் ஒன்று சிக்கியிருந்தது. மொத்தம் நாற்பத்தொரு லேப்டாப். அதில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு வழி. ஆபீஸ் வேலை VPN-இல் போகும், மற்றதெல்லாம் வீட்டு இன்டர்நெட்டிலேயே போய்விடும். லிஸ்ட்டில் ஒன்றும் வராது. ஆடிட் மெயிலில் அந்த லேப்டாப்பின் நம்பர் மட்டும் இருந்தது. எந்த நம்பர் யாருடையது என்பது இருதயராஜுக்குத்தான் தெரியும்.

"உங்களாண்ட ஒரு நிமிஷம் தனியா பேசணும் சார்."

"தனியா என்ன ரகசியம்? எல்லார் எதிர்லயும் சொல்லு."

"தப்பு என்னுதுதான் சார். இன்னிக்கே மூடிடறேன். பேரு வேணாம்."

"ஓஹோ! அவ்வளவு வேண்டியவங்களா?"

ராகவன் திரையைப் பார்த்தார். ஜரினா கரையான்சாவடியில் தன் வீட்டிலிருந்தபடி மீட்டிங்கில் இருந்தாள்.

"ஜரினா, உங்க பேர் ஒரு தடவைகூட லிஸ்ட்ல வந்ததில்லையே. அது எப்படி?"

"நான் எதையும் பார்க்கறதில்ல சார்."

"ஒரு நாள்கூடவா? லிஸ்ட்ல யார் பேர் வரலையோ அந்த ஆள்தான் திருட்டு ஆள். இதுக்கு ஆடிட்டர் எதுக்கு?"

ஜரினா கேமரா பக்கம் குனிந்தாள். "VPN போட்டா என் வீட்டு பிரிண்டரே ஓடாது சார். ரெண்டு வழி இருந்தா ஓடியிருக்குமே. பையனோட ஸ்கூல் பாரம் பிரிண்ட் எடுக்கக்கூட மெயின் ரோட்டுக் கடைக்கு நடந்து போறேன். லேப்டாப்பை வேணும்னா எடுத்துட்டு வரேன், நீங்களே பாருங்க."

"எடுத்துட்டே வாங்க. திங்கள்லேருந்து தினமும் ஆபீஸ். வீட்ல உட்கார்ந்து வேலை பார்த்தது போதும்."

திரையில் ஜரினாவின் முகம் மறைந்தது. கேமராவை அணைத்துவிட்டாள்.

"அவங்க இல்ல சார்" என்றார் இருதயராஜ்.

"அப்ப யாரு?"

"பேரு வேணாம் சார்."

ராகவனுக்கு அது போதும். எம்.டி.க்கு நீளமாக ஒரு மெயில் அடித்தார். வழியைத் திறந்துவிட்ட இருதயராஜையும், அதை அனுபவித்த ஆளையும் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்ப வேண்டும், இரக்கம் காட்டினால் கம்பெனி உருப்படாது என்று எழுதினார். 'நேர்மை' என்ற வார்த்தை மட்டும் மூன்று இடத்தில் வந்தது.

அன்று மாலையே அந்த வழி மூடப்பட்டது.

சனிக்கிழமை இருதயராஜ் நாலு தடவை போன் செய்தார். குமணன்சாவடி பிளாட்டில் சோபாவில் சாய்ந்திருந்த ராகவன் எடுக்கவில்லை.

"கெஞ்சறதுக்குக் கூப்பிடறான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். போனைச் சைலண்டில் போட்டுவிட்டு, மடியிலிருந்த ஆபீஸ் லேப்டாப்பில் தன் சொந்த வேலையைத் தொடர்ந்தார். லீவு நாளிலும் VPN ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேனேஜர் அல்லவா.

திங்கட்கிழமை ஜரினா லேப்டாப்போடு வந்து ஓரத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ராகவன் காபியை வைத்துக்கொண்டு லிஸ்ட்டைத் திறந்தார். வழியை மூடியாகிவிட்டது, இந்த வாரம் அவள் பெயர் வந்தே தீரும்.

வரவில்லை.

புதிதாக ஒரே ஒரு பெயர்தான் வந்திருந்தது. ராகவன். வேலை தேடும் சைட். சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலரை.

மேனேஜர்கள் பெயர் லிஸ்ட்டில் வராது என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். ஆடிட் மெயிலில் இருந்த அதே நம்பர்.

இருதயராஜ் மெதுவாகக் கிட்டே வந்தார்.

"ஆறு மாசம் முன்னாடியே உங்க பேரு வந்துச்சு சார், இதே சைட்டுதான். அப்ப லிஸ்ட்டை நான்தான் அனுப்பினு இருந்தேன், உங்க பேரைத் தூக்கிட்டேன். அப்புறம் என்னை நம்பாம, மெஷினே அனுப்பட்டும்னு மாத்தினீங்க. எம்.டி. கண்ல பட்டா உங்க வேலை போயிடும். பொண்ணு அப்பதான் காலேஜ் சேர்ந்துச்சுன்னு சுவீட் குடுத்தீங்க. மனசு கேக்கல. உங்க லேப்டாப்புக்கு மட்டும் தனி வழி வுட்டேன். இதைச் சொல்லத்தான் சார் நாலு வாட்டி போன் அடிச்சேன்."

"மறுபடியும் திறந்து விட்டுடுங்க இருதயராஜ்" என்றார் ராகவன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'ங்க' போட்டார்.

மேஜைமேல் போன் அடித்தது. எம்.டி.

"ராகவன், லிஸ்ட்டை இனிமேதான் பார்க்கணும், முதல்ல உங்க மெயிலைத்தான் படிச்சேன். ரொம்ப சரியா எழுதியிருக்கீங்க. ரெண்டு பேரையும் இன்னிக்கே அனுப்பிடலாம். ஒருத்தர் இருதயராஜ். இன்னொருத்தர் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."